காளான் எதுக்கு சார்?

புணேயின் கோர்படியில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ரயில்வேயிலும் ராணுவக் கிடங்குகளிலும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை. வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். தமிழ் எழுத்து மட்டும் கைக்கு வந்திருக்காது. நான் வாத்தியார் அல்ல. முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஓய்வுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன ஜூலையில் ஒரு ஞாயிறு, நான்காம் வேற்றுமை நடந்துகொண்டிருந்தது. ‘கூலிக்கு வேலை செய்தான்’, ‘பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்’ என்று பலகையில் எழுதியிருந்தேன். இரண்டு நாளாக விடாத மழை. கறிவேப்பிலைத் தொட்டியில் அன்று காலை நாலு வெள்ளைக் காளான் குடை விரித்திருந்தது. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி பலகையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா?” என்றேன். “கூலிக்கு வேலை. பிள்ளைக்குப் பால். காளான் எதுக்கு சார்?” என்றாள்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது அன்று முழுக்க மனசில் கிடந்தது. ஒன்பது வருடமாக நான் காளான்களின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். ஆறு நோட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது. பாதையோரம் மண்டியிட்டு லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது நின்று விசாரிக்கிறவர்கள், சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இதையேதான் கேட்டிருக்கிறார்கள்: இதனால் என்ன பிரயோசனம்? பெரியவர்கள் கேட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு பிரயோசனத்தைச் சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான், கேள்வியையே ஒரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு முதலில் பழக்கமான பூஞ்சை கட்டையைத் தின்கிற பூஞ்சை. அப்பா ரயில் பாதையில் கேங்மேன். அப்போது தண்டவாளத்தின் கீழே மரச் சிலீப்பர் கட்டைகள்தான். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய கட்டைகள். அப்பாவின் சட்டையில் எப்போதும் அந்த வாசனை இருக்கும். எதற்கு எண்ணெய் என்று கேட்டால், “பூசணம் ஏறாம இருக்க” என்பார். சுத்தியலால் கட்டையைத் தட்டிக் காதைக் கொடுப்பார். கணீரென்றால் நல்ல கட்டை. பொத்தென்றால் மாற்ற வேண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. “உள்ள ஒருத்தன் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்” என்று சொல்வார். கழித்துப்போட்ட கட்டைகளின் ஓரத்தில் மழைக்காலத்தில் வெள்ளை விசிறி விசிறியாக முளைத்து நிற்கும். அதுதான் சாப்பிடுகிறவனின் முகம் என்று எனக்கு ஒரு எண்ணம். இன்று கான்கிரீட் சிலீப்பர் வந்துவிட்டது. அந்த வாசனையும் போய்விட்டது.

அந்த எண்ணம் பாதி சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் காளான் என்று சொல்வது பூஞ்சையின் பழம் மாதிரி. உடம்பு மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் நூலைவிட மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. நாங்கள் பள்ளியில் படித்தபோது பூஞ்சைகளைத் தாவரப் பாடத்தில் சேர்த்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்குப் பச்சையம் கிடையாது. செல் சுவரில் இருப்பது கைட்டின், அதாவது நண்டு ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கிற பொருள். வம்சாவளி பார்த்தால் மரங்களைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு. 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்கர் பூஞ்சைகளுக்குத் தனி ராஜ்ஜியம் கொடுத்து எழுதிய பிறகுதான் பாடப்புத்தகங்கள் மெதுவாக மாறின.

2016 மழையில் எங்கள் தெருமுனையில் ஒரு குல்மொஹர் மரம் வேரோடு சாய்ந்தது. எல்லாரும் காற்றைச் சொன்னார்கள். அந்த மரத்தின் அடியில் இரண்டு வருடமாக ஒரு காளானை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கெட்டியாக, தவிட்டு நிறத்தில், வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு. கானோடெர்மா. பெயர் தெரிந்ததும் அம்மாவின் ஊர் ஞாபகம் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் மரத்தின் அடித்தண்டில் செங்கறுப்பாகச் சாறு வடிந்து, மட்டை தொங்கி, நாலைந்து வருடத்தில் மரம் மொட்டையாக நிற்கும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் பரவலாகக் கண்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே அதற்குப் பெயர். அதுவும் கானோடெர்மாதான். தாத்தா தோப்பில் பார்த்ததும் கோர்படி தெருவில் பார்த்ததும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அன்றைக்கே பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கினேன்.

நம் நூல்களிலும் காளான் நல்ல பெயரோடு வரவில்லை. அதன் பழைய பெயர் ஆம்பி. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும்போது, சமையலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி முளைத்திருப்பதைச் சொல்கிறார். ஆம்பி என்றால் இல்லாமை. இன்றைய பத்திரிகைகளில் அனுமதியில்லாத கட்டடமும் போலிக் கல்லூரியும் ‘காளான் போல’ முளைக்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு மராத்திக்கார மாவ்ஷி மட்டும் முதல் மழைக்கு முல்ஷிப் பக்கத்திலிருந்து யாராவது ‘அளம்பி’, அதாவது காளான், கொண்டுவந்தால் திருவிழா மாதிரி கொண்டாடுவார். அவர் வாயில் அளம்பி என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சாத்தனாரின் அடுப்பு ஞாபகம் வரும்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு ஒரு சின்னப் பொருளைக் காட்டினேன். மொட்டை மாடியில் பழைய பலகை ஒன்று மக்கிக் கிடக்கிறது. அதன் மேல் மழைக்காலத்தில் பறவைக்கூட்டுக் காளான் வரும். சயாத்தஸ் என்பது அதன் பேரினம். முதலில் கொள்ளு அளவு பழுப்பு உருண்டை. நாலைந்து நாளில் அது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சின்னக் கிண்ணமாகிறது. வெளியே சாக்குத் துணி மாதிரி சொரசொரப்பு. வாயில் வெள்ளை ஜவ்வு மூடி; அது கிழிந்தால் உள்ளே வழவழப்பாக, சாம்பல் நிறத்தில், அடியில் நாலைந்து ‘முட்டை’ தட்டையாக, உளுத்தம்பருப்பைவிடச் சிறியதாக. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் லட்சக்கணக்கில் ஸ்போர்கள், அதாவது பூஞ்சையின் விதைத்தூள்.

பலகையைச் சுற்றி வெள்ளைத் தாள் விரித்தோம். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று, மருந்து ஃபில்லரில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டேன். பதினைந்து சொட்டு வெளியே விழுந்தது. பதினாறாவது சொட்டு கிண்ணத்தின் நடுவில் இறங்கியது. ‘டப்’ என்று ஒரு சத்தம்கூட இல்லை. ஆனால் தாளில் இரண்டு அடி தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸ் வைத்தால் முட்டைக்குப் பின்னால் நூல் ஒன்று நீண்டு கிடந்தது. கிண்ணத்துக்குள் சுருண்டிருந்த நூல் அது. பறக்கும்போது விரிந்து, எதிரே புல்லோ குச்சியோ வந்தால் பசை நுனி ஒட்டி, நூல் சுற்றிக்கொள்ளும். அந்தப் பெண் தாளில் விழுந்த முட்டையை விரல் நுனியில் தொட்டாள். அது ஒட்டிக்கொண்டு வரவில்லை. விரலை எடுத்தபோது நூல் மட்டும் ஒரு கணம் இழுபட்டது.

கனடாவில் ஹெரால்ட் பிராடி என்பவர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கிண்ணங்களுக்கே கொடுத்தார். 1975-ல் இதைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கிண்ணத்தின் சுவர் சாய்ந்திருக்கும் கோணமும் வாயின் அகலமும் மழைத்துளிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துவதை அவர் காட்டினார். பார்க்கிற யாரும் சொல்லிவிடுவார்கள்: இது மழைத்துளிக்காகச் செய்த கிண்ணம்.

அந்த ‘காக’வில்தான் சிக்கல். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான்காம் வேற்றுமை எனக்கே அன்று உதவிக்கு வந்தது. ‘கு’ என்ற ஒரே உருபுக்கு நன்னூல் ஏழு பொருள் சொல்கிறது. கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை. ஏழில் ஒன்றுதான் பொருட்டு. ‘கூலிக்கு வேலை செய்தான்’ என்பதில் கூலியை மனதில் நினைத்த ஒரு ஆள் இருக்கிறான். ‘அரசனுக்கு உரியது முடி’ என்றால் தகுதி. ‘பாம்புக்குப் பகை கீரி’ என்றால் பகை. அங்கே யாரும் எதையும் திட்டமிட வேண்டியதில்லை. இயற்கையைப் பார்க்கும்போது நாம் ஏழு பொருளையும் மறந்துவிட்டு எல்லா ‘கு’வையும் பொருட்டாகவே படிக்கிறோம். எதுக்கு என்று கேட்டவுடன், நினைத்துச் செய்த ஒருவனையும் சேர்த்தே கேட்டுவிடுகிறோம்.

கிண்ணத்துக்கும் துளிக்கும் இருப்பது தகுதி. கோடிக்கணக்கான தலைமுறைகளில் கொஞ்சம் சாய்வு கூடிய கிண்ணம், கொஞ்சம் குறைந்த கிண்ணம் எல்லாம் முளைத்திருக்கும். முட்டையை நன்றாகத் தெறிக்கவிட்டவற்றின் வாரிசுகள் அதிகம் மிஞ்சின. மிஞ்சினவைதான் இன்று என் பலகையில் இருக்கின்றன. டார்வின் 1859-ல் சொன்னது இதுதான். யாரும் வரைபடம் போடவில்லை. ஆனாலும் பொருத்தம் வந்துவிட்டது. இதைச் சொன்னால் சிலருக்கு இயற்கையின் அழகு குறைந்துபோன மாதிரி வருத்தம். எனக்கு நேர்மாறு. வரைந்து செய்த கிண்ணமாக இருந்தால் ஒரு தடவை வியந்துவிட்டுப் போய்விடுவேன். வரையாமலே இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தது என்றால், அது வந்த வழி முழுவதையும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நோக்கத்தை அவசரமாக ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு பீமாசங்கர் காட்டில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. புணேயிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மழைக்காலத்தில் அங்கே மக்கிய சுள்ளிகளில் ஒளிரும் பூஞ்சை வருகிறது. மைசீனா என்ற பேரினம். டார்ச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா நிற்க வேண்டும். முதலில் இருட்டு மட்டும்தான். பிறகு காலடியில் ஒரு சுள்ளி வெளிறிய பச்சையாகத் தெரிகிறது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில், நாம் மிதித்து வந்த பாதை முழுக்க அந்த வெளிச்சத்தின் மேல்தான் என்று புரிகிறது. எங்களோடு வந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “ஹே கஷாசாட்டி?” இது எதற்காக? மராத்தியிலும் அதே கேள்விதான்.

2015-ல் பிரேசிலில் ஒளிரும் காளான் ஒன்றை ஆராய்ந்தார்கள். இரவில் வெளிச்சம் கூடுவதையும், பச்சை விளக்கு வைத்த போலிக் காளானுக்குப் பூச்சிகள் அதிகம் வருவதையும் கண்டார்கள். பூச்சியை அழைத்து ஸ்போரைப் பரப்பத்தான் ஒளி என்று விடை கிடைத்த மாதிரி இருந்தது. மறு வருடம் ஆஸ்திரேலியாவில் வேறொரு ஒளிரும் காளானிடம் சோதித்தால், ஒளியால் பூச்சிகள் கூடுதலாக வரவில்லை. ஒரு காளானுக்குச் சரியான விடை இன்னொன்றுக்குச் சரியில்லை. உடம்புக்குள் நடக்கிற ரசாயன வேலையில் தற்செயலாகக் கசிகிற வெளிச்சமாகக்கூடச் சில இனங்களில் இருக்கலாம். ஆனால் ஒளி ஒளிதான். எதற்காகவும் இல்லை என்று தெரிந்தாலும் அந்தச் சுள்ளி குறைவாக ஒளிரப்போவதில்லை.

ஏழு பொருளில் இன்னொன்றான நட்புக்கு நம் ஊர்ப் புற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாம் பால் ஊற்றி, மஞ்சள் பூசி, முட்டை வைத்துக் கும்பிடுகிற புற்று. அதைக் கட்டுகிற கரையான்கள் உள்ளே தோட்டம் வைத்திருக்கின்றன. மென்று வெளியேற்றிய மரத்தூளைக் கடற்பஞ்சு மாதிரி அடுக்கி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கின்றன. கரையானால் எளிதில் செரிக்க முடியாததைப் பூஞ்சை செரித்துக்கொடுக்கிறது. பூஞ்சைக்குத் தேவையான ஈரத்தையும் இரையையும் காவலையும் கரையான் கொடுக்கிறது. மழை வந்ததும் புற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற புற்றுக்காளான் அதுதான். ஏறக்குறைய மூன்று கோடி வருட உறவு. இதில் யார் யாருக்காக இருக்கிறார்கள்? கரையான் விவசாயி என்றால் பூஞ்சை பயிர். பூஞ்சையின் பக்கம் நின்று பார்த்தால் கரையான் அதற்குக் கூலியாள். மாவ்ஷி கொண்டாடுகிற அளம்பியில் நல்ல ரகமும் இந்தக் குடும்பந்தான். அது நம் சட்டிக்காக முளைக்கவில்லை. நாம் பறித்துக்கொள்கிறோம்.

பகையைப் பற்றியும் நான் எழுதாமல் விட முடியாது. 2021 மே மாதம் என் மச்சினனுக்குக் கொரோனா வந்தது. அவனுக்கு ஏற்கனவே சர்க்கரை. ஆக்சிஜன், ஸ்டீராய்டு எல்லாம் கொடுத்துப் பிழைத்து வீட்டுக்கு வந்தான். இரண்டு வாரத்தில் கன்னம் வீங்கியது, மூக்கில் கறுப்பாகப் பொருக்கு, வலது கண் இமை திறக்கவில்லை. கரும்பூஞ்சை. ஆம்போடெரிசின் ஊசிக்காக நானும் அவன் மகனும் நான்கு நாள் ஊர் முழுக்க அலைந்தோம். உயிர் தங்கியது, கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் நாட்டில் 45,000-க்கும் மேற்பட்டோருக்கு அது வந்தது. 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மகாராஷ்டிராவில்தான் அதிகம்.

ஆஸ்பத்திரி வாசலில் என் மாமியார் கேட்டார்: “நாம என்ன பாவம் செஞ்சோம், மாப்ளே? எதுக்கு இது நம்ம வீட்டுக்கு வந்துச்சு?” எதுக்கு. மறுபடியும் அதே சொல். அந்த மழைக்காலம் முழுக்க நான் நோட்டைத் திறக்கவில்லை. ரொட்டியில் பூத்த பூசணத்தைப் பார்த்தால்கூடக் கை நடுங்கியது. ஏனென்றால் அதே குடும்பம்தான் அது. அதன் ஸ்போர்களை நாம் எல்லாரும் ஒவ்வொரு நாளும் மூச்சில் இழுக்கிறோம். உடம்பு அவற்றைத் தள்ளிவிடுகிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து அந்தக் காவலை இறக்கிவிட்டால் அவை முளைக்கின்றன, ஈரமான எந்த மேற்பரப்பிலும் முளைக்கிற மாதிரி.

பல மாதம் கழித்துத்தான் மாமியாரிடம் இதைச் சொன்னேன். அது யாரையும் தேடி வரவில்லை அத்தை, அதற்கு உங்கள் பிள்ளை யாரென்றே தெரியாது, பாவமும் தெரியாது புண்ணியமும் தெரியாது என்று. சர்க்கரையை விட்டுவிட்டோம், அதுதான் கதவு என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப அவன் தப்பு செஞ்சவன் இல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். எதற்கெடுத்தாலும் ஒரு நோக்கத்தைத் தேடுகிற பழக்கம், நோயாளியைக் குற்றவாளியாக்குகிற இடத்துக்கும் நம்மைக் கொண்டுபோய்விடுகிறது. பூஞ்சைக்கு நோக்கமில்லை என்று அறிந்தது எங்கள் வீட்டில் ஒரு தாய்க்கு ஆறுதலாக இருந்தது. இதை நான் படித்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

என் மச்சினனைக் காப்பாற்றிய ஆம்போடெரிசினும் மண்ணிலிருந்து வந்ததே. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து 1950-களில் பிரித்தெடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பிம்ப்ரியிலும் அப்படி ஒன்று நடந்தது. 1954-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, பென்சிலின் தயாரிப்பதற்காக ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அங்கே தொடங்கியது. ஒரு பூஞ்சையின் சாறு, நாட்டின் முதல் பொதுத்துறை மருந்து ஆலைக்கு அஸ்திவாரமானது. அங்கே ஆராய்ச்சி நடத்திய எம்.ஜே. திருமலாச்சார் அடிப்படையில் பூஞ்சையியலாளர். அவரும் கூட இருந்தவர்களும் பிம்ப்ரி மண்ணிலேயே கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பூஞ்சைக்கு எதிரான ஹாமைசினை எடுத்தார்கள். அந்த உயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். மண்ணுக்குள் அவை தங்களுக்குள்ளே நடத்துகிற பிழைப்பில் உண்டாகிற ரசாயனம் அது. நம் கண்ணைக் காப்பாற்றவென்று எந்த நுண்ணுயிரும் மருந்து காய்ச்சவில்லை. நாம் எடுத்துப் பயன்படுத்துகிறோம், பயன் நம்முடையது.

அதனால்தான், பயனைக் காட்டிப் பூஞ்சைக்காக வாதாடுவது எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பென்சிலின் தந்தது, சாப்பிடலாம், மண்ணை வளமாக்கும் என்றெல்லாம் பட்டியல் போடலாம், எல்லாம் உண்மை. ஆனால் பயனை வைத்து இடம் கேட்டால், பயன் தெரியாதவற்றுக்கு இடமில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. இன்றுவரை பெயர் வைத்த பூஞ்சை இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். 2017-ல் ஹாக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் போட்ட மதிப்பீட்டின்படி உலகில் இருப்பவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை. பெயரே வைக்காத உயிரிடம் போய் உன்னால் என்ன பயன் என்று கேட்பது எந்த நியாயம்?

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. மரங்கள் வேர்ப்பூஞ்சை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய் மரம் பிள்ளை மரத்துக்கு ஊட்டுகிறது என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். நிலத்துச் செடிகளில் பெரும்பாலானவை பூஞ்சையோடு வேரில் கூட்டு வைத்திருக்கின்றன, இந்த உறவு 40 கோடி வருடப் பழையது, அது உறுதி. 1997-ல் சுசான் சிமார்ட் கனடாக் காட்டில் ஒரு மரத்தின் கார்பன் இன்னொரு மரத்துக்குப் போவதைக் காட்டினார். அங்கிருந்து தாய்ப்பாசம் வரைக்கும் தாண்டியதற்குக் காட்டில் போதிய சான்று இல்லை என்று 2023-ல் ஆய்வாளர்கள் சிலர் எடுத்துச் சொன்னார்கள். நமக்குப் பிடித்த கதையை மண்ணுக்குள் புதைத்துவிட்டு நாமே தோண்டி எடுக்கக் கூடாது. நட்பை நட்பு என்று சொன்னால் போதும்.

இந்தத் துறையில் நம்மவர்கள் செய்த வேலை சின்னதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன் 1971-ல் இந்தியாவின் ஹைப்போமைசீட்ஸ் என்ற வகைப் பூஞ்சைகளைப் பற்றி எழுதிய நூலை உலகமே புரட்டியது. 1946-ல் தொடங்கிய புணேயின் அகர்கர் நிறுவனத்தில், பூஞ்சையியல் முன்னோடி அஜ்ரேகர் பெயரில் உலர்மாதிரிக் காப்பகம் இருக்கிறது. உயிருள்ள பூஞ்சைகளின் தேசியச் சேகரிப்பும் அங்கேதான். ஆர்வலர்களுக்கும் இதில் இடம் உண்டு. குழந்தைக் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் காளான் ஸ்போர் முளைப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை 1897-ல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போனது. பெண் என்பதால் அவர் கூட்டத்துக்குள் போக முடியவில்லை. சிலி நாட்டில் தானாகவே கற்றுக்கொண்ட ஜூலியானா ஃபுர்ச்சி பூஞ்சைகளுக்காகவே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். சிலியின் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்று பூஞ்சைக்கும் இடம் இருக்கிறது.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் விலங்கு உண்டு, செடி உண்டு, காளான் இல்லை. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். நான் பார்த்த இரண்டு மூன்று பதிவேடுகளில் மரமும் பறவையும் மீனும் பக்கம் பக்கமாக இருந்தன. பூஞ்சைக்கு ஒரு பக்கம்கூட இல்லை. புணேயானாலும் பட்டுக்கோட்டையானாலும் உள்ளாட்சிகள் அந்தப் பக்கத்தை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவு இல்லை. அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரித் தாவரவியல் துறையும் சேர்ந்தால் ஒரு மழைக்காலத்தில் தொடங்கிவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். பலகையில் ‘வளையலுக்குப் பொன்’ என்று எழுதினேன். பொன்தான் வளையலாக ஆகிறது, அது அதுவாதல். அதன் கீழே ‘மண்ணுக்கு மரம்’ என்று எழுதினேன். மரம் மண்ணாக ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு பூஞ்சை வேண்டும், என் அப்பா காலத்துச் சிலீப்பர் கட்டைக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட அதே ஆள். காளான் எதுக்கு என்று கேட்காதே. காளான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேள் என்றேன். அவள் தன் தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தேதி போட்டு, ‘கறிவேப்பிலைத் தொட்டி, வெள்ளை, நான்கு’ என்று எழுதினாள். ‘நான்கு’க்கு இரண்டு சுழி ‘ன’வா மூன்று சுழி ‘ண’வா என்று கேட்டுக்கொண்டு எழுதினாள்.

இந்த மழையில் நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, இடம், எந்த மரம் அல்லது மண், நிறம், வாசனை. குடையை ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்த்து மேலே தம்ளரை மூடி இரவு முழுக்க விட்டால், காலையில் ஸ்போரின் நிறம் தாளில் படிந்திருக்கும், அதையும் குறியுங்கள். புல்தரையில் பெரிதாக வெள்ளைக் குடை விரித்து, தாளில் பச்சையாகப் படிந்தால் அது விஷக் காளான். எந்த நிறமானாலும் தெரியாத காளானைச் சமைக்கவே வேண்டாம். படம் எடுக்கும்போது குடையின் மேல்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடிப்பக்கத்தையும் எடுங்கள், பெயர் கண்டுபிடிக்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.